குழாய் வேலைக்குப் பிறகு தண்ணீர் நிறம் மாறி வருகிறதா? டம்ளரில் பிடித்துப் பார்த்துச் செய்ய வேண்டியவை

புதுச்சேரியில் குடிநீர்க் குழாய் பராமரிப்பு அறிவிப்பு பெரும்பாலும் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கைந்து வரியில் வரும். இன்ன மேல்நிலைத் தொட்டியில் வேலை, இன்னின்ன தெருக்களுக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை தண்ணீர் வராது, அவ்வளவுதான். தண்ணீர் திரும்ப வந்ததும் முதல் அரை மணி நேரம் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்காது. வீட்டுக்குத் தொந்தரவு வருவதே அந்த அரை மணி நேரத்தில்தான்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுச் சம்ப்பு, அதாவது தரைக்கடித் தொட்டி, மூவாயிரம் லிட்டர். இரண்டு வருடம் முன்பு ஒரு அறிவிப்பு எங்கள் கண்ணில் படவில்லை. விடிகாலையில் தண்ணீர் வந்திருக்கிறது. மிதவை வால்வு திறந்து சம்ப்பு நிறைந்து, ஆட்டோமேட்டிக் மோட்டார் அதை மாடித் தொட்டிக்கும் ஏற்றிவிட்டது. ஆறு மணிக்கு அம்மா பூஜைக்குச் சொம்பில் தண்ணீர் பிடித்தால் டீ டிகாஷன் நிறம். சொம்பைக் கவிழ்த்தபோது அடியில் செம்மண் போல மெல்லிய சேறு விரலில் ஒட்டியது. சம்ப்பையும் தொட்டியையும் காலி செய்து கழுவி முடிக்க இரண்டு நாள் ஆனது. அதற்குள் வாஷிங் மெஷினில் போட்டிருந்த அப்பாவின் வெள்ளை வேட்டிகள் மஞ்சளாகிவிட்டன.

அன்றிலிருந்து வாசல் குழாய் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் நிரந்தரமாக இருக்கிறது. தண்ணீரை அதில் பிடித்துப் பார்க்காமல் சம்ப்புக்குள் விடுவதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த டம்ளரைப் பற்றியதுதான்.

அறிவிப்பு வந்த அன்று

முதல் வேலை, தெரு இணைப்பு சம்ப்புக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் கேட் வால்வைக் கண்டுபிடிப்பது. பல வீடுகளில் அது மண் மூடிக் கிடக்கும். வருடக்கணக்கில் திருகாமல் விட்ட வால்வு இறுகியிருக்கும். ஸ்பேனர் போட்டுப் பலமாகத் திருகினால் தண்டு உடைந்து, தெருத் தண்ணீரை நிறுத்த வழியில்லாமல் போகும். தேங்காய் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பாருங்கள். மசியவில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். வேலை நாளன்று கூப்பிட்டால் அவரும் கிடைக்க மாட்டார், முந்தைய நாளே கூப்பிடுங்கள்.

அப்புறம் சம்ப்பு, மாடித் தொட்டி இரண்டையும் நிரப்பிவிட்டு வால்வை மூடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கு வைத்தால், நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு நாளைக்கு நாற்பது லிட்டர். இரண்டு மணி நேர வேலை என்று சொன்னாலும் இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் தண்ணீர் வருவதும் தெளிந்து வருவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. குடத்தை மூடி வையுங்கள், கை விட்டு மொள்ளாமல் நீளக் கைப்பிடி உள்ள கரண்டியால் எடுங்கள்.

மோட்டாரை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கீசர் சுவிட்சை அணைத்து வையுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் தொட்டியை நிரப்பிக்கொண்டு அதன் உள்வழி வால்வை மூடுங்கள். ஒரு வாளி செந்தண்ணீர் போனால் போதும், புது பில்டர் அடைத்துவிடும். தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்த குழாயை மறக்காமல் மூடுங்கள். ராத்திரி தண்ணீர் வந்து மாடிப்படியில் வழிந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு.

தண்ணீர் திரும்ப வரும்போது

சம்ப்பு வால்வை மூடியே வைத்துவிட்டு, தெருவுக்கு மிக அருகில் உள்ள குழாயைத் திறங்கள். நாங்கள் அதை வாசல் குழாய் என்போம். அப்படி ஒன்று இல்லாத வீடுகள் இந்த ஒரு குழாயையாவது போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. முதலில் காற்று சீறும், அப்புறம் விட்டு விட்டுத் தண்ணீர் வரும். ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கும் கழிப்பறைக்கும் வையுங்கள், வீணாகாது.

பிறகு டம்ளரில் பிடியுங்கள். எவர்சில்வர் வேண்டாம், நிறம் தெரியாது. டம்ளருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து மூன்று முறை பாருங்கள்: பிடித்த உடனே ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. மூன்று வேளையும் என்ன மாறியது என்பதை வைத்துத்தான் கீழே உள்ளவற்றைப் பிரிக்க முடியும். வெறும் நிறத்தை வைத்து முடிவு செய்தால் தவறாகப் போகும்.

செம்பழுப்பு, டீ நிறம், செம்மண் நிறம்

அதிகம் வரும் புகார் இதுதான். புதுச்சேரிக்கு ஆற்றுத் தண்ணீர்த் திட்டம் எதுவும் முதுகெலும்பாக இல்லை. ஆழ்குழாய்க் கிணறுகள்தான் ஊருக்குத் தண்ணீர். லாஸ்பேட்டை மேட்டுச் செம்மண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே இருப்பது கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் சொல்லும் பாறை, இரும்பு ஏறிச் சிவந்தது. இப்படிப்பட்ட நிலத்துத் தண்ணீரில் கரைந்து வரும் இரும்பும், பழைய இரும்புக் குழாயின் துருவும் சேர்ந்து தெருக்குழாயின் உள்சுவரில் படிகின்றன. தினமும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் தண்ணீர் ஓடும்வரை அந்தப் படிவு அசையாது. வேலைக்காக வால்வை மூடித் திறக்கும்போது வேகம் மாறும், சில கிளைக் குழாய்களில் தண்ணீர் எதிர்த்திசையில்கூடப் பாயும். படிவு பெயர்ந்து அப்படியே வீட்டுக்கு வரும்.

இனி டம்ளர் சொல்வதைப் பாருங்கள்.

பிடிக்கும்போதே சிவப்பு, பத்து நிமிடத்தில் அடியில் தூள் இறங்குகிறது, எதிர்வீட்டிலும் அதே கதை என்றால் அது தெருக்குழாய்ப் படிவு. வாசல் குழாயை மட்டும் இருபது முப்பது நிமிடம் ஓட விடுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியவில்லையா, மூடிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அடுத்த முறை நீர் விடும்போதும் அப்படியே இருந்தால் பொதுப்பணித்துறையின் பொது சுகாதாரக் கோட்டத்துக்குச் சொல்லி, தெருக் கடைசியில் உள்ள கழிவு வால்வைத் திறந்துவிடச் சொல்லுங்கள். படிவு போய்ச் சேரும் இடம் குழாயின் கடைக்கோடி, அதனால் முட்டுச்சந்து வீடுகளுக்குத்தான் கடைசியில் தெளியும்.

வாசல் குழாயில் தெளிவு, சமையலறையில் சிவப்பு என்றால் கோளாறு நம் வீட்டுக்குள். பழைய ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உள்ளே துருப்பிடித்திருக்கும். காலையில் முதல் இரண்டு நிமிடம் மட்டும் சிவந்து பிறகு தெளிந்தால் சந்தேகமே வேண்டாம். எல்லாக் குழாயும் சிவப்பு, வாசல் மட்டும் தெளிவு என்றால் முதல் தண்ணீர் ஏற்கெனவே சம்ப்புக்குள் போய்விட்டது. மோட்டாரைப் போடாதீர்கள். சம்ப்பில் ஒரு இரவு அசையாமல் விட்டால் தூள் அடியில் இறங்கும். மேல்தண்ணீரை மெதுவாக எடுத்து, குடிப்பதும் துவைப்பதும் அல்லாத வேலைகளுக்குப் பயன்படுத்திவிட்டு, அடிச்சேற்றை வெளியேற்றுங்கள்.

பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி தெளிவு, சாயங்காலம் மஞ்சள் என்றால் அதற்கும் குழாய் வேலைக்கும் தொடர்பில்லை. தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் அது துருவாக மாறுகிறது. சொந்த போர் (ஆழ்குழாய்க் கிணறு) வைத்திருக்கும் வீடுகளில் இது சாதாரணம். சரிபார்க்க நம் வீட்டுப் பொருளே போதும்: அரை டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்ப் பொடி போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். இரும்பு அதிகம் என்றால் தண்ணீர் கருநீலமாகும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியது இதே வினையால்தான். போட்ட டீ வழக்கத்தைவிடக் கறுத்துப் போவதற்கும் இதுவே காரணம். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே துணியிலும் பீங்கானிலும் கறை பிடிக்கும்.

துணிக்கு ஒரு எச்சரிக்கை. செந்தண்ணீரில் நனைந்த வெள்ளைத் துணிக்கு பிளீச்சிங் திரவம் ஊற்றாதீர்கள். குளோரின் இரும்பைத் துணியிலேயே துருவாக்கி நிரந்தரமாக்கிவிடும். அப்பாவின் வேட்டிகளை நான் அப்படித்தான் கெடுத்தேன். ஈரம் காயும் முன் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து, அரை மணி நேரம் வைத்து அலசினால் பெருமளவு போய்விடும். பட்டிலும் சாயத் துணியிலும் ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

குடிக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். இந்த அளவு இரும்பு விஷமல்ல. ஆனாலும் கலங்கிய தண்ணீரைக் குடிக்காதீர்கள், ஏனென்றால் கலங்கலில் கிருமி ஒளிந்துகொள்ளும், குளோரினும் அதில் வீணாகும். பாட்டிமார் மண்பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தண்ணீரைத் தெளிய வைத்தார்கள். அது நல்ல முறைதான், கலங்கல் இறங்கும், கிருமி சாகாது. தெளிந்த பிறகு வடிகட்டிக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

பால் போல வெள்ளை

பயப்பட ஒன்றுமில்லை. டம்ளரின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு நிமிடத்தில் தெளிந்தால் அது காற்றுக் குமிழி. குழாய் காலியாகி மறுபடி நிறையும்போது சிக்கிய காற்று இது. ஓரிரு நாளில் போய்விடும். மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் வெள்ளைப் படிவு தங்கினால் சுண்ணாம்பு அல்லது மணல், இதைக் காற்றோடு சேர்க்காதீர்கள்.

கறுப்புத் துகள்

ஒரு துகளை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்குங்கள். மை போல இழுபட்டால் குழாயின் ரப்பர் வாஷர் கரைகிறது, அந்தக் குழாயில் மட்டும்தான் வரும், பத்து இருபது ரூபாய் வேலை. நெருநெருவென்று உடைந்தால் துரு அல்லது மாங்கனீசு படிவு, தெருவிலிருந்து வந்தது. செந்தண்ணீருக்குச் செய்ததையே செய்யுங்கள். குழாய் வாயில் உள்ள சல்லடையையும் வாஷிங் மெஷின் பின்னால் உள்ள சின்ன வலையையும் கழற்றிக் கழுவுங்கள். குழாய் வேலை முடிந்த வாரத்தில் மெஷின் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் இந்த வலைதான் அடைத்திருக்கும், மெக்கானிக் வேண்டாம்.

சாம்பல் நிறம், சாக்கடை நாற்றம்

இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் எரிச்சல், இது ஆபத்து.

நம் ஊரில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. வேளை வைத்து விடுகிறார்கள். விடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இல்லை. குழாயில் ஒரு விரிசலோ பழுதான இணைப்போ இருந்து, பக்கத்தில் சாக்கடை தேங்கி நின்றால், அந்த அழுக்கு உள்ளே போகும். தெரு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடு இருந்தால் இது பல மடங்கு மோசம், ஏனென்றால் அந்த மோட்டார் தண்ணீரோடு சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது. பாதிக்கப்படுவது உறிஞ்சுகிற வீடு மட்டுமல்ல, வரிசையில் உள்ள எல்லா வீடும். பராமரிப்பு வேலையில் குழாயைத் திறந்து மூடும்போதும் இதே அபாயம் உண்டு.

2022 ஜூலையில் காரைக்காலில் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டதை நம் பிரதேசத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியாகத்தான் வருகின்றன. நிறமே இல்லாமலும் வரும், அதனால் நாற்றத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

முதலில் நாற்றம் எங்கிருந்து என்று உறுதி செய்யுங்கள். டம்ளரில் பிடித்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் முகர்ந்து பாருங்கள். அங்கே நாற்றம் இல்லை என்றால் அது சிங்க் குழாயின் நாற்றம். டம்ளரிலும் இருந்தால் உடனே வால்வை மூடுங்கள். குடிக்க, பல் தேய்க்க, பாத்திரம் கழுவ எதற்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம். ஏற்கெனவே பிடித்து வைத்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். வேறு வழியே இல்லாமல் சந்தேகத்துக்குரிய தண்ணீர்தான் இருக்கிறது என்றால், தெளிந்ததை வடிகட்டி, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடி ஆற வையுங்கள். நாற்றம் அடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் குடிக்காதீர்கள்.

அப்புறம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எங்கள் தெருவில் முதலில் கவனித்தது மூன்றாம் வீட்டு அக்கா. "தம்பி, குழந்தைக்குப் பால் கலக்கப் போனேன், ஏதோ வாடை அடிக்குது, உங்க வீட்ல பாரு" என்று வந்து சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நாங்களும் அதையே குடித்திருப்போம். புகார் கொடுக்கும்போது எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடுவரை, தண்ணீர் விட்டது எத்தனை மணிக்கு, நாற்றம் முதல் ஐந்து நிமிடமா கடைசிவரையா என்பதைச் சொல்லுங்கள். கசிவு எங்கே என்று தேட வருகிறவருக்கு அந்த விவரம்தான் வேண்டும். முதல் ஐந்து நிமிடம் மட்டும் நாறினால், குழாய் காலியாக இருந்த நேரத்தில் அழுக்கு உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

சம்ப்புக்குள் போய்விட்டதா? முழுவதையும் வெளியேற்றிக் கழுவ வேண்டும். மூடியைத் திறந்து வெகு நேரம் காற்றாட விடுங்கள், ஆள் இறங்காமல் வெளியிலிருந்தே இறைத்துத் தேய்க்கப் பாருங்கள். மூடிய சம்ப்பில் விஷவாயு தேங்கியிருக்கும். இறங்கியவர் மயங்க, காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த செய்திகள் வருடந்தோறும் வருகின்றன. அதனால் யாரையும் இறக்காதீர்கள்.

கழுவிய பின் தண்ணீர் நிரப்பி ஆயிரம் லிட்டருக்கு நூற்றைம்பது கிராம் பிளீச்சிங் பவுடர் கணக்கில் கலந்து ஒரு இரவு வைத்து, மறுநாள் வெளியேற்றி அலசுங்கள். அதன்பின் நிரப்பும் குடிநீருக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும், தட்டிய அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் கூட. பவுடரை நேராகத் தூவாமல் வாளியில் குழைத்துத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும், மேல்தெளிவை மட்டும் ஊற்றிக் கலந்து ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். திறந்து கிடந்த பாக்கெட்டில் வீரியம் போயிருக்கும், புதியதாக வாங்குங்கள். கழிப்பறை ஆசிடோடு ஒருபோதும் கலக்காதீர்கள், வரும் வாயு நுரையீரலைத் தாக்கும்.

யாருக்காவது வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இந்தத் தெருத் தண்ணீர் என்று அங்கே சொல்லுங்கள், அவர்களும் மாதிரி எடுக்க ஏற்பாடு செய்வார்கள்.

அழுகிய முட்டை நாற்றம், தெளிந்த தண்ணீர்

வெந்நீரில் மட்டும் என்றால் கீசர். முழுக்க வடித்து, தண்ணீர் நிரப்பிச் சூடாக்கி மறுபடி வடியுங்கள். போர் தண்ணீரில் மட்டும் என்றால் நிலத்தடி வாயு, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் நாற்றம் குறையும். தெருத் தண்ணீரில் திடீரென்று வந்தால் மேலே சொன்ன சாக்கடைப் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

குளோரின் வாடை தூக்கலாக

குழாய் வேலை முடித்தவர்கள் மருந்து கலந்திருக்கிறார்கள். நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அகன்ற பாத்திரத்தில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் வாடை குறையும். மீன் தொட்டிக்கு மட்டும் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

உப்புக் கரிக்கிறது

இது குழாய் வேலையால் வருவதல்ல. கடலோரத்தில் அதிகம் இறைத்தால் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறும்; வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கம் கடலை ஒட்டி போர் வைத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொதிக்க வைத்தால் உப்பு கூடுமே தவிரக் குறையாது.

எல்லாருக்கும் வந்துவிட்டது, நமக்கு மட்டும் வரவில்லை

வால்வைத் திறந்தீர்களா என்று முதலில் பாருங்கள், நானே ஒருமுறை மறந்திருக்கிறேன். திறந்தும் நூலாகத்தான் வருகிறது என்றால் துருச் செதில் வந்து மீட்டர் முன்னால் உள்ள வடிகட்டியிலோ மிதவை வால்வின் வாயிலோ அடைத்திருக்கும். மிதவையைக் கையால் இரண்டு முறை அழுத்தித் தூக்கினால் சில சமயம் விட்டுவிடும். தெரு இணைப்பின் பக்கம் அடைப்பு என்றால் நீங்களாகத் தோண்டாதீர்கள், துறை ஆள்தான் வர வேண்டும்.

சம்ப்பு நிறைந்தும் மோட்டார் சத்தம் மட்டும் போட்டுத் தண்ணீர் ஏறவில்லை என்றால் அதற்குள் காற்றுப் பிடித்திருக்கிறது. உடனே அணைத்து, ஆறவிட்டு, மேல்திருகைக் கழற்றிச் சொம்பால் தண்ணீர் ஊற்றி, குமிழி நின்றதும் திருகை மூடிப் போடுங்கள். அந்தச் சொம்புத் தண்ணீரும் தெளிந்த தண்ணீராக இருக்கட்டும்.